சுகர் மாத்திரை வீட்டுக்கே வருது... காலை யார் பார்க்குறது? சர்க்கரை நோயாளிகள் பாதத்தைக் காப்பது எப்படி?

சர்க்கரை நோய் உள்ள ஒருவரிடம் "சுகர் எவ்வளவு இருக்கு?" என்று கேட்டுப் பாருங்கள். வெறும் வயிற்றில் இவ்வளவு, சாப்பிட்ட பிறகு இவ்வளவு என்று நம்பர் உடனே வரும். "உங்க உள்ளங்காலைக் கடைசியா எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டால் பெரும்பாலும் பதில் வராது. "காலுக்கு என்ன, நல்லாத்தான் இருக்கு... வலி ஒண்ணும் இல்லையே" என்பார்கள்.

அந்த "வலி ஒண்ணும் இல்லையே" தான் இங்கே பிரச்சனையே. சர்க்கரை நோயில் காலை இழப்பவர்களில் பெரும்பாலானோருக்கு எல்லாம் தொடங்கியது வலிக்காத ஒரு சின்னப் புண்ணில்தான். அந்தப் புண் ஏன் வலிப்பதில்லை, மதுரை மாவட்டம் டி. கல்லுப்பட்டி மாதிரியான ஊர்களில் இது ஏன் கூடுதல் ஆபத்து, காசு செலவில்லாமல் வீட்டிலேயே என்ன செய்யலாம்? விரிவாகப் பார்க்கலாம்.

எத்தனை பேருக்கு இந்தப் பிரச்சனை?

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சிலும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இணைந்து நடத்திய ஆய்வு முடிவுகள் 2023 ஜூனில் வெளியாகின. நாட்டில் 10.1 கோடி பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக அந்த ஆய்வு மதிப்பிட்டது. தமிழ்நாட்டில் 20 வயதைத் தாண்டியவர்களில் 14.4 சதவீதம் பேர். அதாவது ஏழு பேரில் ஒருவர்.

இவர்களில் எத்தனை பேருக்குக் காலில் புண் வரும்? 2017-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வந்த கட்டுரை, சர்க்கரை நோயாளிகளில் 19 முதல் 34 சதவீதம் பேருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது பாதப்புண் வரலாம் என்கிறது. ஆறிய புண்ணையும் நம்ப முடியாது. புண் ஆறியவர்களில் சுமார் 40 சதவீதம் பேருக்கு ஒரே ஆண்டுக்குள் மறுபடியும் வருகிறது.

கால் அகற்றப்பட்ட சர்க்கரை நோயாளிகளில் 100-க்கு 80 பேருக்கு மேல் முதலில் வந்தது பாதப்புண்தான். அப்படியானால், புண் வராமல் தடுத்துவிட்டால், அல்லது வந்த அன்றைக்கே கண்டுபிடித்துவிட்டால், பெரும்பாலான கால்களைக் காப்பாற்றிவிடலாம்.

வலிக்கலைன்னா நல்லதுதானே?

இல்லை. வலி என்பது உடம்பு அடிக்கும் காலிங் பெல். முள் குத்தினால் காலைத் தூக்குகிறோம், செருப்பு கடித்தால் கழற்றுகிறோம், தரை சுட்டால் ஓடுகிறோம். இதையெல்லாம் யோசித்துச் செய்வதில்லை. வலி செய்ய வைக்கிறது.

ரத்தத்தில் சர்க்கரை பல ஆண்டுகள் அதிகமாகவே இருந்தால் நரம்புகள் கெடும். உடம்பிலேயே நீளமான நரம்புகள் பாதத்துக்குப் போகிறவை என்பதால் பாதிப்பு அங்கேதான் முதலில் தெரியும். சிலருக்கு எரிச்சல், ஊசி குத்துவது போன்ற உணர்வு, பஞ்சு மேல் நடப்பது மாதிரி மதமதப்பு. சிலருக்கு எந்த அறிகுறியும் இல்லாமல் உணர்ச்சி மெல்ல மெல்லப் போய்விடும். செருப்பு காலிலிருந்து கழன்று விழுந்ததே தெரியாமல் பத்தடி நடந்து போகிறார் என்றால், காலிங் பெல் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

உணர்ச்சி போவதோடு இன்னும் மூன்று விஷயங்கள் நடக்கின்றன.

ஒன்று, வியர்வை குறைந்து தோல் வறண்டு பித்தவெடிப்பு விழும். அந்த வெடிப்பு கிருமிகளுக்குத் திறந்துவிட்ட கதவு.

இரண்டு, பாதத்தின் சின்னத் தசைகள் பலவீனமாகி விரல்கள் மடங்கும். உடம்பின் எடை முழுக்க ஒரே இடத்தில் அழுந்தும். அங்கே தோல் காய்த்துப்போகும். காய்ப்புக்கு அடியில் வெளியே தெரியாமல் புண் உருவாகும்.

மூன்று, காலுக்கு வரும் ரத்தக்குழாய்கள் அடைபடலாம். ரத்தம் வரவில்லை என்றால் புண் ஆறாது. சாப்பிடும் ஆன்டிபயாட்டிக் மருந்தும் அந்த இடத்துக்குப் போய்ச் சேராது. பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் இது இன்னும் வேகமாக நடக்கும்.

வேலூர் சொல்லிக்கொடுத்த பாடம்

'வலி இல்லாததுதான் ஆபத்து' என்ற இந்த விஷயம் உலகத்துக்குப் புரிந்ததில் தமிழ்நாட்டுக்குப் பெரிய பங்கு உண்டு. ஆனால் அது தொடங்கியது சர்க்கரை நோயில் இல்லை, தொழுநோயில்.

டாக்டர் பால் பிராண்ட் 1914-ல் நம்ம கொல்லிமலையில் பிறந்தவர். லண்டனில் மருத்துவம் படித்துவிட்டு 1946-ல் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் அறுவைச் சிகிச்சை நிபுணராகச் சேர்ந்தார். தொழுநோய் வந்தால் கை, கால் விரல்கள் தானாக அழுகி விழும் என்றுதான் அப்போது எல்லோரும் நம்பினார்கள். நோயாளிகளை அருகிலிருந்து கவனித்த பிராண்டும் அவருடன் வேலை செய்தவர்களும் வேறொன்றைக் கண்டார்கள். சதை தானாக அழுகவில்லை. உணர்ச்சி இல்லாததால் சூடான பாத்திரத்தை வெறுங்கையால் தூக்குகிறார்கள், ஆணி குத்திய காலோடு நடக்கிறார்கள், இரவில் எலி கடித்தாலும் எழுந்திருப்பதில்லை. தினம் தினம் படும் காயங்கள்தான் விரல்களைத் தின்றன.

தீர்வும் அங்கிருந்தே வந்தது. காயத்தைத் தினமும் தேடிப் பார்ப்பது, புண் இருக்கும் காலுக்கு ஓய்வு கொடுப்பது, மெத்தென்ற ரப்பரில் செருப்பு செய்து போடுவது. இன்றைக்கு 'எம்.சி.ஆர். செருப்பு' என்று கடைகளில் கேட்கிறோமே, அந்த மைக்ரோசெல்லுலர் ரப்பர் செருப்பு வேலூர், கரிகிரி தொழுநோய்ப் பணிகளில் வளர்ந்ததுதான். 1966-ல் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனைக்குப் போன பிராண்ட், அங்கே சர்க்கரை நோயாளிகளின் பாதங்களிலும் இதே கதை நடப்பதைக் கண்டு, வேலூர்ப் பாடத்தை அவர்களுக்கும் பயன்படுத்தினார்.

சென்னையிலும் இதற்குச் சான்று உண்டு. ராயபுரத்தில் 1954-ல் தொடங்கப்பட்ட எம்.வி. நீரிழிவு மருத்துவமனையின் மருத்துவர்கள், பாதப் பராமரிப்பைச் சொல்லிக்கொடுத்தால் பலன் கிடைக்கிறதா என்று ஆராய்ந்து 2005-ல் டயாபடீஸ் கேர் இதழில் எழுதினார்கள். சொன்னதை ஒழுங்காகக் கடைப்பிடித்தவர்களுக்குப் புண்கள் அதிகம் ஆறின, புதுப் புண்களும் அறுவைச் சிகிச்சைகளும் குறைந்தன. அவர்கள் கடைப்பிடித்ததில் பெரும்பகுதி எந்த வீட்டிலும் செய்யக்கூடிய வேலைகள்தான்.

கல்லுப்பட்டி மாதிரி ஊர்களில் என்ன சிக்கல்?

மதுரையிலிருந்து ராஜபாளையம் போகும் சாலையில், சுமார் 40 கிலோமீட்டரில் இருக்கிறது டி. கல்லுப்பட்டி. பேரையூர் தாலுகா, காந்திநிகேதன் ஆசிரமத்தால் பேர் பெற்ற ஊர். சுற்றிலும் கரிசல் காடு. பருத்தி, சோளம், பயறு வகைகள். வரப்பெல்லாம் சீமைக் கருவேலம்.

கருவேல முள் ரப்பர் செருப்பைத் துளைத்துக்கொண்டு காலில் ஏறும் என்பது அந்தப் பக்கத்துச் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். மழை பெய்தால் கரிசல் மண் செருப்பைப் பிடித்து இழுக்கும், கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் நடப்பார்கள். களை எடுக்கவும் 100 நாள் வேலைக்கும் போகிறவர்கள் பாதி நேரம் வெறுங்காலோடுதான் நிற்கிறார்கள். வீட்டுக்குள் செருப்பு போடும் பழக்கம் கிடையாது. கோயிலுக்குப் போனால் வெயிலில் சுட்ட கல் தரை. முத்தாலம்மன் ஏழூர்த் திருவிழா, சித்திரையில் அழகர் பார்க்க மதுரை, தைப்பூசத்துக்குப் பழநி பாதயாத்திரை என்று வெறுங்காலில் நடப்பது நேர்த்திக்கடனோடு சேர்ந்த விஷயமும்கூட.

நகரத்து ஆலோசனைகள் பெரும்பாலும் ஷூவும் சாக்ஸும் போடுபவர்களுக்காக எழுதப்பட்டவை. அதை அப்படியே கொண்டுவந்து இங்கே சொன்னால் யாரும் கேட்கப்போவதில்லை. இந்த வாழ்க்கைக்குள்ளேயே எது முடியும் என்றுதான் பார்க்க வேண்டும்.

ஒரு முள் எப்படிக் காலை எடுக்கும்?

ஒரு கணக்குக்கு இப்படி வைத்துக்கொள்வோம். பத்து வருஷமாகச் சுகர் உள்ள ஒரு அம்மா வெள்ளிக்கிழமை களை எடுக்கப் போகிறார். முள் குத்தி முனை உள்ளேயே ஒடிந்துவிடுகிறது. அவருக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை லேசாகச் சீழ் கோக்கிறது. நடக்க முடிகிறதே என்று திங்கட்கிழமையும் வேலைக்குப் போகிறார். ஒவ்வொரு அடியும் கிருமியை உள்ளே அழுத்துகிறது. புதன்கிழமை வீட்டில் ஏதோ வாடை வருகிறதே என்று மகள் தேடும்போதுதான் காலைப் பார்க்கிறார்கள். மஞ்சள் அரைத்துப் பூசி, இரண்டு நாள் பார்ப்போம் என்று விடுகிறார்கள். அடுத்த ஞாயிறு பாதம் முழுக்க வீக்கம், காய்ச்சல். அங்கிருந்து மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ். அங்கே டாக்டர் கேட்கும் முதல் கேள்வி, "எப்போ குத்துச்சு?" யாருக்கும் பதில் தெரியாது.

இதில் யாரும் பெரிய தவறு செய்யவில்லை. வெள்ளிக்கிழமை ராத்திரி ஒருவர் அந்தக் காலைப் பார்த்திருந்தால் ஊசியால் முள்ளை எடுத்து, மருந்து கட்டி, நர்ஸே முடித்திருக்கக்கூடிய வேலை. நடுவில் கைவிட்டுப் போனது அந்த ஒன்பது நாள்தான்.

உணர்ச்சி இருக்கா? வீட்டிலேயே ஒரு நிமிஷச் சோதனை

ஆஸ்பத்திரியில் 10 கிராம் அழுத்தத்தில் வளையும் நைலான் இழையைப் பாதத்தில் தொட்டுச் சோதிப்பார்கள். எந்தக் கருவியும் இல்லாமல் வீட்டில் செய்ய, இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகர மருத்துவர்கள் உருவாக்கிய தொடு சோதனை இருக்கிறது.

* சர்க்கரை நோயாளி செருப்பு, சாக்ஸ் கழற்றி, காலை நீட்டிக் கண்ணை மூடிக்கொள்ள வேண்டும்.
* இன்னொருவர் தன் ஆள்காட்டி விரல் நுனியால், அவரது கால்விரல் நுனியை 1 முதல் 2 விநாடி மெதுவாகத் தொட வேண்டும். அழுத்தவோ தட்டவோ கூடாது.
* இரண்டு காலிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல். மொத்தம் ஆறு இடம்.
* தொட்டது தெரிந்தால் "வலது", "இடது" என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்றால் அதே இடத்தை மறுபடி தொடக் கூடாது.

ஆறில் இரண்டு அல்லது அதற்கு மேல் தெரியவில்லை என்றால் உணர்ச்சி குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். டாக்டரிடம் காலைக் காட்டியே ஆக வேண்டும். எல்லாம் தெரிந்தாலும் வருடாந்திரப் பரிசோதனையை விட்டுவிட வேண்டாம்.

தினமும் என்ன செய்யணும்?

பாருங்கள்: ராத்திரி படுக்கும் முன், நல்ல வெளிச்சத்தில் இரண்டு பாதத்தையும் பாருங்கள். மேல்புறம், உள்ளங்கால், குதிகால், ஒவ்வொரு விரல் இடுக்கு. குனிய முடியாதவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்துப் பார்க்கலாம். அதைவிடச் சுலபம், செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்ப்பது. கண் பார்வை மங்கியவர்கள் தாங்களே பார்த்துக்கொள்ள முடியாது, வீட்டில் ஒருவர் பார்க்க வேண்டும்.

தொடுங்கள்: புறங்கையால் இரண்டு பாதத்தையும் தொட்டு ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் சூடாக இருந்தால் உள்ளே ஏதோ நடக்கிறது.

கழுவுங்கள்: காட்டு வேலை முடிந்து வந்ததும் சாதாரணத் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவி, விரல் இடுக்கில் ஈரம் போகத் துடையுங்கள். ஈரம் நின்றால் சேற்றுப்புண் வரும்.

தடவுங்கள்: வறண்ட குதிகாலுக்குத் தேங்காய் எண்ணெய் போதும். விரல் இடுக்கில் மட்டும் தடவக் கூடாது.

நகம்: குளித்த பிறகு நகம் மெத்தென்று இருக்கும்போது நேராக வெட்டுங்கள். ஓரத்தைத் தோண்டாதீர்கள்.

மெட்டி: கால் வீங்கி மெட்டி இறுகினால் கழற்றிவிடுங்கள், அல்லது தளர்த்திப் போடுங்கள்.

தூங்கும்போது: எலித் தொல்லை உள்ள வீடுகளில் கொசுவலை கட்டி, காலை மூடிப் படுங்கள். மரத்துப்போன காலை எலி கடித்தால் காலையில்தான் தெரியும்.

இதையெல்லாம் செய்யவே கூடாது!

* கால் ஆணியை, காய்ப்பை பிளேடால் சீவுவது.
* ஆணிக்கு என்று விற்கும் மருந்து பிளாஸ்திரியை ஒட்டுவது. அது நல்ல தோலையும் அரித்துவிடும்.
* எரிச்சல், குதிகால் வலி என்று வெந்நீரில் காலை வைப்பது, சூடான செங்கலில் ஒத்தடம் கொடுப்பது. சூடு உங்களுக்குத் தெரியாது, தோலுக்குத் தெரியும். குளிக்கும் தண்ணீரைக்கூட முழங்கையை விட்டுப் பார்த்த பிறகு ஊற்றுங்கள்.
* புண்ணில் மஞ்சள், காப்பித்தூள், சுண்ணாம்பு, பச்சிலை அப்புவது. புண்ணின் ஆழத்தை அது மறைத்துவிடும். சுத்தமான தண்ணீரில் கழுவி, சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.
* புண் இருக்கும் காலோடு "வலிக்கலையே" என்று வேலைக்குப் போவது. எந்த மருந்தும் ஓய்வுக்கு ஈடாகாது.

செருப்பு விஷயத்தில் என்ன கவனிக்கணும்?

வீட்டுக்குள்ளும் செருப்பு வேண்டும் என்பதுதான் மருத்துவ ஆலோசனை. வாசலில் விடும் செருப்பு வேறு, வீட்டுக்குள் மட்டும் போட இன்னொரு ஜோடி வேறு என்று வைத்துக்கொண்டால், பழக்கத்துக்கு எதிராக இருப்பதாகத் தோன்றாது.

விரலிடுக்கில் வார் போகும் ரப்பர் செருப்பு உணர்ச்சி இல்லாத காலில் நிற்காது, இடுக்கையும் அறுக்கும். பின்னால் வார் உள்ள, உள்ளே மெத்தென்றும் அடியில் கெட்டியாகவும் உள்ள செருப்பு நல்லது. எம்.சி.ஆர். செருப்பு எல்லாமே விலை கூடியது என்று நினைக்க வேண்டாம், சாதாரண விலையிலும் இருக்கிறது.

கடைக்குச் சாயங்காலம் போங்கள். கால் அப்போதுதான் சற்று வீங்கி இருக்கும், அளவு சரியாகக் கிடைக்கும். கடித்தால் தெரியாது என்பதால் 'போட்டுப் பார்த்தேன், சரியா இருக்கு' என்பதை நம்ப முடியாது. வீட்டிலேயே காகிதத்தில் பாதத்தை வரைந்து வெட்டி எடுத்துப் போய், செருப்புக்குள் வைத்துப் பாருங்கள். காகிதம் மடங்கினால் அந்தச் செருப்பு வேண்டாம். புதுச் செருப்பை முதல் நாள் ஒரு மணி நேரத்துக்கு மேல் போடாதீர்கள். கழற்றியதும் காலில் சிவப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஒவ்வொரு ராத்திரியும் செருப்பின் அடியைத் திருப்பிப் பார்த்து முள்ளைப் பிடுங்குங்கள். கருவேலங்காட்டுப் பக்கம் இருப்பவர்களுக்கு இந்த ஒரு வேலையே பாதிக் காப்பு.

கோயிலுக்குப் போகக் கூடாதா? தாராளமாகப் போகலாம், காலை அல்லது சாயங்காலம் போங்கள். வெயில் ஏறிய பிறகு வெறுங்காலில் பிரகாரம் சுற்ற வேண்டாம். உணர்ச்சி இல்லாதவர்கள் வெறுங்கால் பாதயாத்திரையைத் தவிர்ப்பதே நல்லது. காணிக்கையாக வேறு எதைச் செலுத்தலாம் என்று வீட்டில் பேசி முடிவு செய்யுங்கள்.

எப்போ உடனே ஆஸ்பத்திரி போகணும்?

தோல் கிழிந்த எந்தப் புண்ணாக இருந்தாலும், கொப்புளமாக இருந்தாலும், வலி இல்லாவிட்டாலும், அன்றைக்கோ மறுநாளோ காட்டிவிடுங்கள். கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தால் ஒரு மணி நேரம்கூடத் தள்ளிப்போட வேண்டாம்.

* விரலோ தோலோ கறுத்துப்போதல்
* சீழ், கெட்ட வாடை
* சிவப்பு பரவுதல், பாதம் வீங்கிச் சூடாக இருத்தல்
* காலில் புண்ணோடு காய்ச்சல், குளிர், அல்லது சுகர் திடீரென்று எகிறுதல்

புண்ணே இல்லாமல் ஒரு பாதம் மட்டும் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் அது எலும்பு நொறுங்கும் 'சார்கோ' பாதிப்பாக இருக்கலாம். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு நீவாதீர்கள்.

அரசுத் திட்டங்களில் என்ன இருக்கு?

2021 ஆகஸ்ட் 5-ம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கியது மக்களைத் தேடி மருத்துவம். மகளிர் சுகாதாரத் தன்னார்வலர்கள் சுகர், பி.பி. மாத்திரைகளை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டம். அடுத்து, பாதங்களுக்கு என்றே 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் வந்தது. தஞ்சாவூரில் முன்னோடியாகத் தொடங்கி, பிறகு மாநிலம் முழுக்க விரிவாக்கப்பட்டது. சர்க்கரை நோயாளிகளின் பாதத்தை அரசு மருத்துவ நிலையங்களில் பரிசோதித்து, ஆபத்தில் இருப்பவர்களை மேல்சிகிச்சைக்கு அனுப்புவதுதான் இதன் நோக்கம்.

திட்டம் சரி. ஆனால் அது காலைத் தொடும் இடம் எது என்பதுதான் கேள்வி. மாத்திரை வீடு தேடி வந்துவிட்டதால் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகும் தேவை பலருக்குக் குறைந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்குப் போனாலும் கூட்டத்தில் ரத்தம் எடுத்து, சீட்டு எழுதி, மருந்து வாங்கி வருவதோடு முடிகிறது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு டாக்டர் அறைக்குள் போகிறார்கள், ஆனால் மேஜைக்குக் கீழே இருக்கும் காலை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

சர்வதேச வழிகாட்டுதல்கள்படி உணர்ச்சியும் ரத்த ஓட்டமும் நன்றாக இருப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு முறை பாதப் பரிசோதனை போதும். உணர்ச்சி போனதோடு விரல் வளைவோ ரத்த ஓட்டக் குறைவோ சேர்ந்திருந்தால் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு முறை. ஏற்கெனவே புண் வந்தவர், விரல் எடுத்தவர் என்றால் 1 முதல் 3 மாதத்துக்கு ஒரு முறை.

அதனால் இரண்டு விஷயம் நடக்க வேண்டும். வீட்டு வாசலுக்கு வரும் தன்னார்வலர் மாத்திரை கொடுக்கும்போதே ஆறு விரலைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போகலாம், அதற்கு ஒரு நிமிஷம் போதும். நாமும் கேட்க வேண்டும். அடுத்த முறை சுகர் செக்கப்புக்குப் போகும்போது "டாக்டர், காலைக் கொஞ்சம் பாருங்க" என்று சொல்லிவிட்டுக் காலை நீட்டுங்கள். கேட்பது உங்கள் உரிமை. எங்கே போவது என்று சந்தேகம் இருந்தால் 104 மருத்துவ உதவி எண்ணில் கேட்கலாம்.

வெளியூரில் இருக்கும் பிள்ளைகளுக்கு...

இதைச் செல்போனில் படிக்கும் உங்களில் பலர் திருப்பூரிலோ சென்னையிலோ வேலை பார்ப்பீர்கள். அப்பா, அம்மா ஊரில் இருப்பார்கள். தினமும் போன் பேசும்போது "சாப்டீங்களா, மாத்திரை போட்டீங்களா" என்று கேட்பீர்கள். வாரத்தில் ஒரு நாள் வீடியோ காலில் "கேமராவை அப்படியே காலுக்குத் திருப்புங்க" என்றும் சொல்லுங்கள். முதலில் வெட்கப்படுவார்கள், "காலைப் போய்ப் பார்ப்பியாக்கும்" என்று சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும், இரண்டு உள்ளங்காலையும் பார்க்காமல் போனை வைக்காதீர்கள்.

(இது பொதுவான விழிப்புணர்வுத் தகவல். சிகிச்சைக்கு உங்கள் மருத்துவரின் ஆலோசனையைப் பின்பற்றவும்.)